மணிக்கூட்டின் மூடியைத் திறப்பது யார்?

பழைய ஒமேகா மணிக்கூடு ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டு மேசைமேல் பிரித்துப் பரப்பி, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடியும் பூட்டி ஓடவைப்பதில் தம் மாலைப் பொழுதுகளைச் செலவிடுகின்ற படித்தவர்களின் கூட்டமொன்று உலகெங்கும் பெருகி வருகிறது. கண்டியிலும் அத்தகையோர் சிலரை நாம் அறிவோம். பொழுதுபோக்கு என்று சொன்னால் அவர்கள் மனம் நோகிறது. கலை என்கிறார்கள், தவம் என்கிறார்கள், அழிந்துபோகும் கைவினைக்குப் புத்துயிர் ஊட்டுகிறோம் என்கிறார்கள். நம் தோழர்களில் சிலரோ இதைக் கேட்டதும் முகஞ்சுளித்து, வயிறு நிறைந்தவனின் விளையாட்டு என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

முதலில் தோழர்களோடு. கையால் செய்யும் வேலையை இழிவாக எண்ணும் பழக்கம் நம்மிடையே நேற்று முளைத்ததன்று. நிலவுடைமைச் சமுதாயம் அதைச் சாதியாகக் கட்டி வைத்தது. அந்நியன் தந்த கல்வி அதை எழுதுவினைஞர் உத்தியோகமாகக் கட்டி வைத்தது. பாட்டாளி வர்க்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் மேடையில் முழங்கக்கூடிய ஒருவர், தம் மணிக்கட்டில் ஓடும் பொருள் எதனால் ஓடுகிறது என்று இரண்டு நிமிடம் விளக்கத் தெரியாதிருப்பாராயின், அதிலே பெருமைப்பட ஏதும் இல்லை.

மூடியைத் திறந்து பார்த்திராதவர்களுக்காகச் சுருங்கச் சொல்லுவோம். சாவி கொடுக்கும்போது, சிறு பேழைக்குள் இருக்கும் உருக்கு நாடாவொன்று இறுகச் சுருள்கிறது. அது விரிய முயலும் விசைதான் பற்சக்கரங்களை உருட்டுகிறது. தடையின்றி விட்டுவிட்டால் ஒரு நாள் ஓட வேண்டிய விசை சில கணங்களில் தீர்ந்துபோகும். அதைத் தடுத்து, விட்டு, மறுபடி தடுத்து, ஒழுங்காக அளந்து கொடுப்பது அசைசக்கரம். தலைமயிரினும் மெல்லிய சுருள்வில் ஒன்று அதை முன்னும் பின்னும் ஊசலாட வைக்கிறது. இச்சுருள்வில்லை 1675ஆம் ஆண்டில் மணிக்கூட்டுக்குள் புகுத்தியவர் ஹொய்கன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி. பழைய கைமணிக்கூடுகளிற் பெரும்பாலானவற்றின் அசைவு மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. நாளொன்றுக்கு அரை நிமிடம் பிந்தும் மணிக்கூட்டைப் பழுதென்று நாம் திருத்துபவரிடம் கொண்டு போகிறோமே, அந்தப் பிழை 2,880இல் ஒரு பங்கு. அதைக் கண்ணாலும் செவியாலும் விரல் நுனியாலும் கண்டுபிடித்துக் களைகிறவன் செய்வது பௌதிகவியல் அல்லாமல் வேறென்ன? பரீட்சைத் தாளில் ஊசலின் சூத்திரத்தை எழுதிப் புள்ளி வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் தொட்டிருப்பார்கள்?

மார்க்ஸ் இதை அற்ப விஷயமாக எண்ணியவரல்லர். தொழிற்பிரிவினையை விளக்க வந்தவிடத்து, ‘மூலதனம்’ முதற்பாகத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று மணிக்கூடு. முன்னர் தனியொரு கைவினைஞனின் படைப்பாயிருந்த பொருள், எப்படிச் சுருள் செய்பவன், முகப்புத் தட்டுச் செய்பவன், கல் துளையிடுபவன், முள் செய்பவன் என்று எண்ணற்ற பகுதித் தொழிலாளரின் கூட்டுப் படைப்பாகிவிட்டது என்பதை, வாசிப்பவர் களைத்துப்போகும் அளவுக்கு நீண்ட பட்டியலாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டு கண்டிச் சீமைக்கும் முக்கியமான ஆண்டு. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கியதும், கொழும்பிலிருந்து புகைவண்டி கண்டிக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். தோட்டத்துரையின் நேரமும் புகைவண்டியின் நேரமும் ஒருங்கே மலையேறின என்று கொள்ளலாம்.

அதற்கு முன் இங்கே நேரம் யாருடையதாயிருந்தது? கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. அடியில் சிறு துளையுள்ள செப்பு வட்டிலொன்றை நீர்ப்பானையில் மிதக்க விடுவார்களாம். நீர் மெல்ல ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. நம் பழைய நாழிகை வட்டில்தான் அது. ஆனால் அதை வைத்திருந்தவன் அரசன். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஓர் ஆளையும் வைத்திருந்தான். குடிகளுக்கு அப்படியோர் ஆள் இல்லை. மாலை நான்கு மணியளவில் மலர்ந்து காலையில் கூம்பும் பூவொன்றை வீட்டருகே நட்டு, வெயில் மறைந்த நாட்களில் அதைப் பார்த்துப் பொழுதறிந்தார்களாம். நாம் அந்திமந்தாரை என்போம். (இன்று சிங்களத்தில் மணிக்கூட்டுக்கு வழங்கும் ‘ஒரலோசுவ’ என்ற சொல் டச்சுக்காரனிடமிருந்து வந்தது. பூவின் பெயர் மட்டும் எவனிடமும் கடன் வாங்கவேண்டியிருக்கவில்லை போலும்.)

தோட்டம் வந்ததும் பூவுக்கு வேலை போயிற்று. விடியுமுன் பெரட்டுத் தப்பு முழங்கும். லயத்துக் காம்பராக்களிலிருந்து தொழிலாளர் எழுந்தோடிப் பெரட்டுக் களத்தில் நிரையாய் நிற்க வேண்டும். பிந்தியவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய பேர் போயிற்று. பேர் போனால் அன்றைய கூலியும் போயிற்று. நேரத்தைக் காட்டும் கருவி துரையின் சட்டைப்பையில் இருந்தது; நேரத்துக்குக் கொடுக்கும் விலையோ கொழுந்து கிள்ளியவளின் முதுகில் இருந்தது. மணிக்கூட்டின் சங்கிலியைத் தங்கத்திற் செய்தவர்கள், அந்தச் சங்கிலி எதனோடு எதைப் பிணைத்தது என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பொது மணிக்கூடு என்ற ஒன்றும் நமக்குக் கிடைக்கத்தான் செய்தது. கண்டி நகர நடுவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், இளவயதில் விபத்தில் மாண்ட மகனின் நினைவாக ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்ற வணிகர் கட்டுவித்தது. துயருற்ற தந்தை ஒருவர் தம் மகனின் பெயரால் ஊருக்கெல்லாம் நேரத்தை வழங்கியது நல்ல செயல். சந்தைக்கு வருபவரும் பஸ்ஸுக்கு ஓடுபவரும் காசு கொடாமல் அண்ணாந்து பார்க்கலாம். அதை 1950 டிசம்பரில் திறந்து வைத்தவர் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கா. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரை நாடற்றவராக்கியதும் அவருடைய அரசாங்கமே. கோபுரத்தின் நான்கு முகங்களும் காட்டிய நேரம் எல்லோருக்கும் பொது. அது ஓடிய நாடு மட்டும் பொதுவில்லை.

இனி ஆடம்பர மணிக்கூட்டை விரும்பும் அன்பர்களிடம் வருவோம். 2017 அக்டோபரில் நியூயோர்க் ஏலமொன்றில், நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அப்போது இலங்கைத் தோட்டத் தொழிலாளி எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்த்துப் பெற்ற நாட்கூலி 730 ரூபா. அன்றைய நாணய மாற்றின்படி கணக்கிட்டால், ஏறத்தாழ 37 இலட்சம் நாள் உழைப்பு. ஆண்டுக்கு 300 நாள் பெயர் விழுந்தாலும் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள். அத்தனைக்கும் அந்த மணிக்கூடு, கோபுரத்திலுள்ளதைவிட வேறான நேரம் எதையும் காட்டிவிடப் போவதில்லை.

வேறென்ன இருக்கிறது அதற்குள்? கைவினைஞனின் ஆன்மா இருக்கிறதாம். விளம்பரக்காரன் உண்டாக்கிய இந்தக் கட்டுக்கதையை நம் பொழுதுபோக்கு அன்பர்கள் பக்தியோடு திருப்பிச் சொல்லுகிறார்கள். அவர்கள் போற்றும் ஒமேகாவின் 30 மில்லிமீற்றர் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டில் தொடங்கி 1963ஆம் ஆண்டு வரை சுமார் 30 இலட்சம் செய்யப்பட்டன. ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் பொருந்தும். அதனால்தான் இன்றைக்கு வீட்டு மேசையில் ஒருவர் அதைப் பிரித்துப் பூட்ட முடிகிறது. தனியொரு மேதையின் கைரேகை படிந்த பொருளாயிருந்தால் முடியுமா? பல்லாயிரம் தொழிலாளர், அவர்களுட் கணிசமானோர் பெண்கள், மணிக்கணக்கில் குனிந்திருந்து ஒரே திருகாணியை, ஒரே கல்லை, ஒரே அச்சைச் செய்ததன் பயனை அனுபவித்துக்கொண்டே, அதை ஒரு கம்பனியின் பெயரில் வணங்குவது என்ன நியாயம்?

‘வீட்டு மேசை’ என்றோம். அச்சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சற்று நின்று கேட்கத்தான் வேண்டும். இருளில் ஒளிரும் முகப்புக்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சைத் தடவும் தொழில், முதல் உலகப் போர்க் காலத்தில் பெருகியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசினர். அப்படிச் செய்யும்படிதான் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாடை எலும்பு அழுகி மாண்டவர்கள் பலர். உயிரோடிருந்த ஐவர் வழக்காடினர். 1928ஆம் ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவின் இந்தக் கதை ஓரளவு தெரிந்ததே. சுவிட்ஸர்லாந்தின் கதை அவ்வளவு தெரியாது. அங்கே ஜூரா மலைப்பகுதியில் இவ்வேலை தொழிற்சாலையில் மட்டுமன்றி வீடுகளிலும் நடந்தது. சமைத்த மேசையில், பிள்ளைகள் சாப்பிட்ட மேசையில், பெண்கள் ரேடியம் பூசினார்கள். 1960களின் தொடக்கம் வரை இது நீடித்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்நாட்டு அரசு 2015ஆம் ஆண்டில் ஒரு செயற்றிட்டம் வகுத்து, வீடு வீடாய்ச் சென்று சுவரையும் தோட்ட மண்ணையும் அளந்து துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. பூச்சின் ஒளி மங்கிப்போகும், நஞ்சு மங்காது. ஆகவே பழைய மணிக்கூட்டைத் திறக்கும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைப்போம்: கபில நிறமாய் உதிரும் எண்களைச் சுரண்டாதீர்கள், அந்தத் தூளை மூச்சில் ஏற்காதீர்கள், குழந்தைகள் உண்ணும் மேசையில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். ‘பழமையின் அழகு’ என்று நீங்கள் கொஞ்சும் அந்தக் கபில நிறம், எவளோ ஒருத்தி தன் சாப்பாட்டு மேசையில் பூசியதாக இருக்கலாம்.

இத்தனையையும் சொன்னபின், இந்தப் பொழுதுபோக்கை ஒழிக்க வேண்டும் என்றா சொல்லப் போகிறோம்? இல்லை. மூடியைத் திறக்கிறவன் எவனாயினும் அவன் பக்கம்தான் நாம். ஏனென்றால் மூடியை நிரந்தரமாக மூடிவிடுவதற்குப் பெரும் கம்பனிகள் செய்யும் ஏற்பாடு நம் அன்பர்களின் பக்தியைவிடப் பல மடங்கு வலியது.

ஒமேகா, லொஞ்ஜின் முதலிய பெயர்களைத் தன் கீழ் வைத்திருக்கும் ஸ்வொச் குழுமம், சுயாதீனமான மொத்த வணிகர்களுக்கு உதிரிப்பாகங்கள் வழங்குவதை 2015ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. தான் அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே பாகம் என்றாயிற்று. மற்றப் பெரிய ஆடம்பரக் கம்பனிகளின் போக்கும் பெரும்பாலும் இதுவே. ஐரோப்பாவின் மணிக்கூடு திருத்துவோர் சங்கங்களின் சம்மேளனம் 2004ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தது. 2008ஆம் ஆண்டில் ஆணைக்குழு முறைப்பாட்டைத் தள்ளியது. 2010ஆம் ஆண்டில் நீதிமன்றம் அத்தள்ளுபடியைத் தள்ளியது. 2014ஆம் ஆண்டில் ஆணைக்குழு மறுபடியும் தள்ளியது. 2017ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டு வழக்காடிய பின் திருத்துபவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

லொஞ்ஜின் தொழிற்சாலை இருக்கும் ஊரின் பெயர் ஸாந்த் இமியே. 1872ஆம் ஆண்டில் அதே ஜூராப் பள்ளத்தாக்கின் மணிக்கூட்டுத் தொழிலாளரிடையே தங்கியிருந்தபோதுதான் ரஷ்யப் பிரபு குரொப்பொட்கின், தம் பழைய கருத்துகளை உதறிவிட்டு அராஜகவாதியானார். வேலை மேசையில் குனிந்தபடியே உலக அரசியலை விவாதித்த அந்தத் தொழிலாளரின் சுயமதிப்பு அவரை அத்தனை ஈர்த்தது. எந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டானே வேண்டாம் என்று திருப்புளி பிடித்தவர்கள் பேசினார்களோ, அந்தப் பள்ளத்தாக்கின் பொருளைத் திறக்க இன்று ஆண்டானின் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது!

காசு கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவன் திறக்கக் கூடாது, அவன் நம்பும் அயலூர்த் தொழிலாளி திருத்தக் கூடாது என்றால், விற்கப்பட்டது என்ன? விற்றவன் இன்னும் அதன் உடைமையாளனாகவே இருக்கிறான் என்பதுதானே பொருள்? உழவு இயந்திரத்திலும் கைத்தொலைபேசியிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது. இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் திருத்தும் உரிமை பற்றிக் குழுவொன்றை அமைத்தபோது, விவசாயக் கருவி, தொலைபேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. மணிக்கூட்டுக்கென்று அதில் தனியிடம் இல்லை. அதைப் பற்றி யார் கூக்குரலிடப் போகிறார்கள்? நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவனுக்குச் சங்கமும் இல்லை, சஞ்சிகையும் இல்லை.

அவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கி, கையில் சாமணம், சாய்வான சிறு மேசை, புகையிலைத் தகரங்களில் நிறைந்த பழைய சக்கரங்கள்: கண்டித் தெருக்களில் இந்த உருவத்தைக் காணாதவர் இல்லை. இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் புதிய மணிக்கூடு எளிதிற் கிடையாது. இருப்பதைத் திருத்தி ஓட்டியே ஆக வேண்டும். கண்டியின் மழையும் மூடுபனியும் உருக்கைத் துருப்பிடிக்கச் செய்து அவனுக்கு வேலை தந்துகொண்டேயிருந்தன. 1969 டிசம்பரில் ஜப்பானின் ஸெய்க்கோ குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை வெளியிட்டது. 1977ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதாரக் கதவு அகலத் திறக்கப்பட்டது. மலிவான மின்கல மணிக்கூடுகள் வந்து குவிந்தன. சுவிட்ஸர்லாந்திலேயே 1970ஆம் ஆண்டுக்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையே மணிக்கூட்டுத் தொழிலாளரின் தொகை மூன்றிலொன்றாகக் குறைந்துபோனதென்றால், நம் நடைபாதைத் தொழிலாளியின் கதியைச் சொல்ல வேண்டுமா? மின்கலம் மாற்றுகிறவனாக, வார் விற்கிறவனாக அவன் ஆக்கப்பட்டான். மகனுக்குத் தொழிலைக் கற்பிக்கவில்லை; கற்பித்து என்ன பயன் என்று நினைத்தான்.

குவார்ட்ஸ் வந்ததை நாம் குறை கூறவில்லை. தோட்டத்துப் பெண்ணும் சில நூறு ரூபாவுக்குத் துரையினுடையதைவிடச் சரியான நேரத்தைக் கையிற் கட்டிக்கொள்ள முடிந்தது விஞ்ஞானத்தின் வெற்றியே. ஆனால் அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தவன் யார் என்று கேட்பதும் நம் கடமை.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பழைய கைமணிக்கூடொன்றைப் புதுப்பிக்க இறங்கினார். வெளிநாட்டுத் திருப்புளிகள், தனிவகை எண்ணெய்கள், ஓட்டத்தை அளக்கும் கருவி என்று ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாயிற்று. அசைசக்கரத்தின் அச்சு ஒடிந்திருந்தது. பல மாதம் கடிதம் எழுதியும் பாகம் கிடைக்கவில்லை. கடைசியில் நடைபாதையிலிருந்த முதியவரிடம் போனார். முதியவர் தம் தகரத்தைக் கிளறி, வேறொரு செத்த மணிக்கூட்டிலிருந்து அச்சொன்றை எடுத்து, இரண்டு மணி நேரத்தில் பொருத்தி, சுருள்வில்லையும் நேராக்கிக் கொடுத்தார். கேட்ட கூலி சில நூறு ரூபா. அன்பர் அதிலும் பேரம் பேசினார்! பிறகு நண்பர்களைக் கூட்டி, தாம் உயிர்ப்பித்த மணிக்கூட்டின் வரலாற்றை ஒரு மாலை முழுவதும் விரித்துரைத்தார். கம்பனியின் பெயர் வந்தது. செய்த ஆண்டு வந்தது. அதைக் கட்டியிருந்த நடிகர்களின் பெயர்கள் வந்தன. முதியவரின் பெயர் வரவில்லை. அவர் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

இதுதான் நம் வழக்கின் மையம். தம் ஓய்வில் கையால் வேலை செய்யும் இன்பத்தைக் கண்டுகொண்டவர்கள், அதே வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவனைக் காணவில்லை. உழைப்பை நேசிக்கிறார்கள், உழைப்பாளியை அல்ல. அது மட்டுமன்று. பழுதான மூன்று மணிக்கூட்டை ஏலத்தில் எடுத்து ஒன்றை ஆக்கும் இவர்களால், பழம்பாகங்களின் விலை தொழிலாளியின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பூட்டியவன் கம்பனிக்காரன், ஆனால் பூட்டுக்கு வெளியே எஞ்சிய கொஞ்சத்தைப் பணத்தால் அள்ளிக்கொள்பவர் இவர்.

கைவினைக்குப் புத்துயிர் என்ற பேச்சு கண்டிக்குப் புதிதன்று. 1903ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, மலைக்கிராமங்கள் தோறும் சென்று கண்டிக் கைவினைஞரின் தொழிலைக் கவனித்து ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை எழுதினார். இங்கிலாந்தில் தம் இல்லத்திலேயே, வில்லியம் மொரிஸ் முன்பு பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அதை அச்சிடுவித்து, 1908ஆம் ஆண்டில் 425 பிரதிகள் வெளியிட்டார். அந்நிய வணிகம் நம் கைவினையை எப்படிக் கொன்றது என்பதை அவரைப்போல் உணர்ந்து எழுதியவர் அக்காலத்தில் அரியர். அதற்காக நாம் அவரை என்றும் மதிப்போம். ஆயினும் அவர் ஏங்கிய பழைய உலகில் கம்மியன் அரசனின் பட்டறைக்குக் கட்டுப்பட்டவன். பிறப்பே அவனுடைய தொழிலை விதித்தது. அந்த ஏக்கத்தில் நாம் பங்குகொள்ள முடியாது. மொரிஸின் அச்சு இயந்திரம் குமாரசுவாமியிடம் வந்து சேர்ந்தது. 1880களில் தெருமுனையில் நின்று சோஷலிசம் பேசிய மொரிஸ் வந்து சேரவில்லை. நம் அன்பர்களிடமோ இயந்திரம் மட்டுமே வந்திருக்கிறது, அதுவும் சுவிஸ் இயந்திரம்.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. உலகம் அதைக் கண்டிருக்கிறது. சோவியத் அரசு தன் முதற் பெரிய மணிக்கூட்டுத் தொழிற்சாலையை 1930ஆம் ஆண்டில் மாஸ்கோவில் தொடங்கியது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் நொடித்துப்போன கம்பனியொன்றின் இயந்திரங்களை விலைக்கு வாங்கியது மட்டுமன்றி, அங்கே வேலையிழந்திருந்த தொழிலாளர் சிலரையும் கற்பிப்பதற்கு அழைத்துச் சென்றது. அந்தத் தொழிற்சாலையின் மணிக்கூடுதான் 1961ஆம் ஆண்டில் ககாரினின் கையில் விண்வெளிக்குப் போயிற்று. அதே 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிஸன் உதவியோடு எச்.எம்.டி. மணிக்கூடு பிறந்தது. ‘ஜனதா’ என்றே ஒன்றுக்குப் பெயர். அரசாங்க எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் கட்டிய மணிக்கூடு அது. 2016ஆம் ஆண்டில் அந்தத் தொழிலை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. மூடிய பின்னர்தான் சேகரிப்பாளர்களுக்கு அதன்மேல் காதல் பிறந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையையும் புத்தகத்தையும் பள்ளிக்கூடத்தில் ஒன்றுசேர்க்கும் முயற்சியைக் கண்டி அறியும். 1930களில் இங்கே ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமக் கல்வித் திட்டம் அத்தகையதே. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, ஊர்த் தொழிலை மாணவர் கற்க வழிசெய்தது. பெற்றோர் பலர், ‘எங்கள் பிள்ளை கொல்லன் ஆகவா பள்ளிக்கூடம் போகிறான்?’ என்று சீறினர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியதும் அப்பாடங்கள் எடுத்தெறியப்பட்டன. அதன் குறைகள் ஒருபுறமிருக்க, அதைக் கொன்றது அந்தச் சீற்றம்தான்; முதற்பகுதியில் நாம் தோழர்களிடம் கண்டித்த அதே மனோபாவம்.

நாம் கேட்பது பெரிய திட்டமன்று. கண்டி மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகள் நான்கைந்தில் விஞ்ஞான ஆய்வுகூடத்தின் ஒரு மேசை. உருப்பெருக்கி நான்கு, சாமணம் நான்கு, சிறு திருப்புளிக் கட்டு இரண்டு. ஒமேகா வேண்டாம்; ஓடாத ‘ஜனதா’வோ அதுபோன்ற பழைய சாவி மணிக்கூடோ ஊரில் கேட்டால் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடைக்கும். ஒளிரும் எண்களுள்ளதைத் தவிர்த்துவிடலாம். கற்பிக்க வேண்டியவர் நடைபாதையிலிருக்கும் அந்த முதியவர். தனியார் வகுப்பில் பௌதிகவியல் கற்பிப்பவருக்குக் கொடுக்கும் அதே மணிக்கூலியை அவருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு சதமும் குறையலாகாது. பொழுதுபோக்கு அன்பர்கள் தம் கருவிகளோடு வந்து அவருக்கு உதவியாளராய் அமரலாம். அவர்களுக்கும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாகம் விற்க மறுக்கும் கம்பனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் அவர்களே. ஒருவராகத் தமக்கு எழுதியதை இனி பத்துத் திருத்துநர்களின் பெயரால் எழுதட்டும்.

நேரசூசியில் இடமில்லை என்று அதிபர்கள் சொல்லக்கூடும். வெள்ளிக்கிழமை பிற்பகல் பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவி எந்த அலுமாரியில் தொங்குகிறது, யாரைக் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் நம்மைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.